ரீசார்ஜ் கேக்காத டிவி இனிமே இருக்குமா? - கரையோர வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "டிவியோட எதிர்காலம் பத்திக் கேளுங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டோம், தொண்டியில இருந்து மூக்கையூர் வரைக்கும் கடுதாசியும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜுமா வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் பதில் போட பக்கம் பத்தாது, ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணாச் சேத்து ஏழு கேள்வி எடுத்திருக்கேன். நான் மண்டபத்துல இருபத்தஞ்சு வருஷம் டிவி மெக்கானிக்கா இருந்தவன்னு பழைய வாசகர்களுக்குத் தெரியும், அதனால இந்தத் தடவை பதில் கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கங்க.

அண்ணே, எம் மகன் காலேஜ் முடிச்சுட்டு வந்ததுல இருந்து கேபிளை நிறுத்து நிறுத்துன்னு நிக்கிறான். இன்னும் பத்து வருஷத்துல டிவிங்கிறதே இருக்காதாம், எல்லாம் போன்லயே வந்துருமாம். நெசமாவா? (வாசகி, பாம்பன்)

பாதி நெசம் தங்கச்சி. மாசக் காசு கட்டிப் பாக்குற டிஷ் கனெக்‌ஷன் நம்ம நாட்டுல 2020 வாக்குல ஏழு கோடிய ஒட்டி இருந்துச்சு, 2024ல ஆறு கோடிப் பக்கம் எறங்கிருச்சு. கேபிளும் அப்படித்தான் கரைஞ்சுக்கிட்டு வருது. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா வெல சரிஞ்சதும் சனங்க கண்ணு போன் பக்கம் திரும்புனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இதுல உங்க மகன் சொல்றது சரி.

ஆனா அவன் பாக்குறது அவன் கையில இருக்கிற போனை மட்டும். நீங்க வீட்டைப் பாருங்க. நல்ல போன் எத்தனை இருக்கு? ஒண்ணு உங்க வீட்டுக்காரரு கடலுக்கு எடுத்துட்டுப் போயிருவாரு, ஒண்ணு மகன் கையில. மிச்சம் இருக்கிற நீங்களும் மாமியாரும் சின்னப் புள்ளையும் எதுல பாப்பீக? ஒவ்வொருத்தருக்கும் ஒரு போன், ஒவ்வொரு போனுக்கும் 28 நாளைக்கு ஒரு ரீசார்ஜ், வருஷத்துக்கு 13 தடவை. கொஞ்சம் தெளிவா படம் பாத்தா ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கிட்ட இழுத்துரும், தெனம் ஒன்றரை ஜிபிங்கிற பேக்கு ஒரு படத்தோட தீந்து போகும். இதுல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேற. அந்த ரெண்டு மாசத்துல நம்ம கரையில மொதல்ல நின்னு போறது எதுன்னு உங்களுக்கே தெரியும், ரீசார்ஜும் கேபிளும்தான்.

இங்கதான் டிவிக்கும் போனுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கணும். சர்ச்சுல மைக்செட் கட்டி ஒரு அறிவிப்பு சொன்னா அதை பத்துப் பேரு கேட்டாலும் ஒண்ணுதான் பத்தாயிரம் பேரு கேட்டாலும் ஒண்ணுதான், மைக்செட் வாடகை கூடாது. அதையே வீடு வீடாப் போயி கதவைத் தட்டி சொல்றதா இருந்தா ஒவ்வொரு வீட்டுக்கும் கூலி ஆகும்ல. டிவி டவரும் சேட்டிலைட்டும் மைக்செட். போன்ல வர்ற வீடியோ கதவைத் தட்டுற ஆளு, அந்தக் கூலியத்தான் நம்ம ரீசார்ஜ்னு கட்டுறோம். ஏழை நாடுகள்ல டிவி எப்படி இருக்கப் போகுதுங்கிற கேள்விக்கு ஸ்கிரீன் பெருசாகுமா, மடிக்கிற மாதிரி வருமாங்கிறதெல்லாம் பதில் இல்ல, இந்தக் கூலிய யாரு கட்டப் போறாகங்கிறதுதான் கேள்வி. நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடுறேன், மைக்செட்டு பக்கம்.

கேபிளை நிறுத்துறதா இருந்தா நிறுத்துங்க தங்கச்சி, டிவிய நிறுத்தாதீங்க. அரசாங்கத்தோட டிடி ஃப்ரீ டிஷ்னு ஒண்ணு இருக்கு, 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்ங்கிற பேர்ல ஆரம்பிச்சது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்குறதுதான் செலவு, மாசக் காசு கெடையாது. நாடு முழுக்க நாலு கோடி வீட்டுக்கு மேல அதுதான் ஓடுது. அதுல ஒரு வருத்தம் என்னன்னா இந்தி சேனல்தான் அள்ளிக் கெடக்கு, தமிழ்ல விரல் விட்டு எண்ணிறலாம். டிடி தமிழ் வரும், அதான் 2024 ஜனவரி வரைக்கும் பொதிகைன்னு இருந்தது. சீரியல் இல்லாம மாமியாருக்குப் பொழுது போகாதுன்னா கேபிளையும் கொஞ்ச நாளைக்கு வச்சுக்கங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

தம்பி, எண்பதுகள்ல மாடியில ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாஹினி டிவி பாத்தவன் நான். அதே கம்பி இன்னும் எங்க வீட்டு மாடியில நிக்குது. இன்னைக்கு அதுல ஏதாவது வருமா? (பெரியவர், தொண்டி)

ஐயா, உங்க கடுதாசிய நான் மூணு தடவை படிச்சேன். நான் ஏழாவது படிக்கையில எங்க சித்தப்பா மாடியில மூங்கிக் கழிய ரெண்டா இணைச்சு அதுமேல ஆன்டெனாவைக் கட்டி, நான் மேல நின்னு திருப்ப, கீழ இருந்து "இன்னும் கொஞ்சம் கிழக்க, இன்னும் கொஞ்சம், ஆங் விட்டுராத"ன்னு கத்துவாக. கிழக்கன்னா கடலுக்கு அந்தப் பக்கம். நம்ம கரை ஆளுகளுக்கு டெல்லி தெரியுறதுக்கு முன்னாடி கொழும்பு தெரிஞ்சது, அதை நம்ம யாருகிட்டயும் மறைக்க வேண்டியதில்ல.

அதுக்குக் காரணம் இருக்கு. இலங்கையில 1979 ஏப்ரல்ல ஐடிஎன்னு ஒரு டிவி நிலையம் வந்துச்சு, 1982 பிப்ரவரியில ஜப்பான் உதவியோட ரூபவாஹினி. அவுக பெரிய டிரான்ஸ்மிட்டர் நிக்கிறது பிதுருதலாகல மலையில, அந்த நாட்டுலயே ஒசரமான மலை அது, 2524 மீட்டர். அதுபோக வன்னியில கொக்காவில்ல ஒரு ரிலே டவர் இருந்துச்சு, 1990 சண்டையில அழிஞ்சு 2011லதான் திரும்பக் கட்டுனாக. நடுவுல மலையும் இல்ல கட்டடமும் இல்ல, வெறும் தண்ணி. வெயில் காலத்துல கடல் மேல காத்து அடுக்கடுக்கா நிக்கும், கீழ குளுமை மேல சூடு, அந்த இடுக்குல அலை மாட்டுச்சுன்னா குழாயில தண்ணி ஓடுற மாதிரி ரொம்ப தூரம் ஓடிரும். அதனாலதான் சித்திரை வைகாசியில படம் கண்ணாடி மாதிரி தெரியும், ஐப்பசியில வெறும் பூச்சி பறக்கும். இன்னொண்ணு சொன்னா ஆச்சரியப்படுவீக, அங்க டிவி நிலையமே வர்றதுக்கு முன்னாடி 1975 வாக்குல நம்ம இஸ்ரோ ஆளுக கொழும்புக்குப் போயி ஆர்தர் சி. கிளார்க் வீட்டுல ஒரு டிஷ் வச்சுக் குடுத்தாக. சேட்டிலைட்டை எந்த ஒசரத்துல நிறுத்துனா அது நகராம நிக்கிற மாதிரி இருக்கும், மூணே மூணை வச்சு உலகத்துக்கே எப்படிச் சேதி அனுப்பலாம்னு 1945லயே கணக்குப் போட்டு எழுதுன மனுசன் அவரு. அப்போ இக்கரையில இருந்து அக்கரைக்குப் படம் போச்சு, நமக்கு அக்கரையில இருந்து இக்கரைக்கு வந்துச்சு.

சரி, கேள்விக்கு வர்றேன். உங்க கம்பியில இப்ப வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. தூர்தர்ஷன் இந்த மாதிரி கம்பிக்கு படம் அனுப்புன பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2021, 2022 வாக்குல ஏறக்குறைய எல்லா ஊர்லயும் மூடிருச்சு, எல்லை மாதிரி சில முக்கியமான இடங்களை மட்டும் விட்டு வச்சுச்சு. நம்ம ராமேஸ்வரத்துல 1995ல எழுப்புன டவர் 323 மீட்டர், நாட்டுலயே பெரிய டிவி டவர்னு சொல்லிக்கிட்டு நம்ம பெருமையாப் பாக்குறது, அது நிக்குது, ஆனா கம்பி போட்டுப் பாக்குற வீடு போயிருச்சு.

பழைய அனலாக்கை மூடிட்டு டிஜிட்டலுக்கு மாறுறதை நெறைய நாடு செஞ்சுச்சு, ஆனா செஞ்ச விதம் வேற வேற. ஆப்பிரிக்கா, ஐரோப்பா எல்லாம் 2006ல ஜெனீவாவுல உக்காந்து 2015 ஜூன் 17க்குள்ள அனலாக்கை நிறுத்திரணும்னு ஒப்பந்தம் போட்டாக, ஏழை நாடுக நெறையா அந்தத் தேதிய எட்டிப் பிடிக்க முடியாம தள்ளிப் போச்சு. மெக்ஸிகோ 2015 டிசம்பர் 31ல நிறுத்துனப்ப ஏழை வீடுகளுக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி டிஜிட்டல் டிவிய சும்மா குடுத்துட்டுதான் நிறுத்துச்சு. பிரேசில் இன்னும் ஒரு படி மேல, காலியாகிற அலைவரிசைய ஏலத்துல எடுத்த போன் கம்பெனிக காசுலயே ஏழைக் குடும்பங்களுக்குப் பாக்ஸும் ஆன்டெனாவும் வாங்கிக் குடுத்தாக. எடத்தைக் காலி பண்ணச் சொல்றவன் வண்டிச் செலவையும் குடுக்குறதுதானய்யா நியாயம். நம்ம ஊர்ல கம்பி வச்சிருந்தவங்களுக்கு யாரும் எதுவும் குடுக்கல, அவுகளா கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் போயிக்கிட்டாக, இதை நான் இன்னும் மனசுல வச்சிருக்கேன்.

கம்பியைக் கழட்டிருங்கய்யா. துருப்பிடிச்ச குழாய் புயல் நேரத்துல பக்கத்து வீட்டு ஓடு மேல விழுந்தா வம்பு.

சார், நான் ராமநாதபுரத்துல டிகிரி படிக்கிறேன். கிராமத்து மக்கள் முன்னேற்றத்துக்கு டிவி உதவுச்சுன்னு செமினார்ல பேசணும். உண்மையிலயே உதவுச்சா, இல்ல சும்மா சீரியல் பாத்ததுதானா? (மாணவி)

சீரியல் பாத்ததும் உதவிதாம்மா, அதை அப்புறம் சொல்றேன். மொதல்ல நம்ம நாடு டிவிய எதுக்காக யோசிச்சதுங்கிறதுல இருந்து செமினாரை ஆரம்பி. 1959 செப்டம்பர் 15ல டெல்லியில யுனெஸ்கோ உதவியோட சின்னதா தொடங்குனாக. அப்புறம் நம்ம விண்வெளித் திட்டத்தைத் தொடங்கி வச்ச விஞ்ஞானி விக்ரம் சாராபாய் ஒரு பெரிய கனவு கண்டாரு, ஊர் ஊரா டவர் நட்டு அது கிராமத்துக்குப் போய்ச் சேர ரொம்ப வருஷம் ஆகும், அதுக்குப் பதிலா ஒரே தாவுல சேட்டிலைட் வழியா கிராமத்துக்குப் போயிரலாம்னு. அவரு 1971ல இறந்துட்டாரு. 1975 ஆகஸ்ட் 1ல இருந்து ஒரு வருஷம் அது நடந்துச்சு, நாசாவோட ஏடிஎஸ் 6 சேட்டிலைட்டை இரவல் வாங்கி ஆறு மாநிலத்துல சுமார் 2400 கிராமத்துக்கு. சைட் திட்டம்னு பேரு. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலை இருக்குல்ல, அதை வச்சே மூணு மீட்டர் டிஷ் செஞ்சாக. காலையில பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு, சாயங்காலம் ஊருக்கே விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு. கரண்ட் இல்லாத ஊர்ல பேட்டரியில ஓட்டுனாக. ஊருக்கு ஒரே பெட்டி, எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்தாக. அந்த ஆறுல தமிழ்நாடு இல்ல, நமக்கு அதே மாசம் 15ந் தேதி மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்துச்சு, வந்தாலும் அது மெட்ராஸோட நின்னுச்சு. ஒரு வருஷம் முடிஞ்சதும் நாசா சேட்டிலைட்டைத் திரும்ப எடுத்துக்கிச்சு. அடுத்த சேட்டிலைட் வர்ற வரைக்கும் அந்த கிராமங்கள்ல பெரும்பாலும் பெட்டி சும்மாதான் கெடந்துச்சு. இதை செமினார்ல கட்டாயம் சொல்லு, குடுக்குறது எவ்வளவு முக்கியமோ குடுத்ததை நிறுத்தாம இருக்கிறதும் அவ்வளவு முக்கியம்.

இப்ப சீரியலுக்கு வர்றேன். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2001ல இருந்து 2003 வரைக்கும் நம்ம நாட்டுக் கிராமங்கள்ல கேபிள் வர்றதுக்கு முன்னாடி வந்ததுக்குப் பின்னாடின்னு ஒரே வீடுகளைத் திரும்பத் திரும்பப் போயி விசாரிச்சாக, அதுல தமிழ்நாட்டுக் கிராமங்களும் உண்டு. ஆய்வு 2009ல வெளியாச்சு. கேபிள் வந்த ஊர்ல, புருசன் அடிக்கிறது சரிதான்னு சொல்ற பொம்பளைக கொறைஞ்சாக, ஆம்பளப் புள்ளைதான் வேணும்ங்கிறவக கொறைஞ்சாக, வீட்டுச் செலவுல எங்க பேச்சும் எடுபடுதுன்னு சொன்னவக கூடுனாக. யாரும் பாடம் நடத்தல, சீரியல்ல ஒரு டவுன் பொம்பளை வேலைக்குப் போறா, எதுத்துப் பேசுறா, அதைப் பாத்தே நடந்துச்சு. இதே ஜென்சன்தான் கேரளாக் கரையில 1997ல மொபைல் போன் வந்தப்ப மத்தி மீன் வெலை என்னாச்சுன்னு ஆராய்ஞ்சவரு, எந்தக் கரையில வெல இருக்குன்னு கடல்ல இருந்தே கேட்டு வள்ளத்தைத் திருப்புனதுல ஏலம் போகாத மீனை கொட்டுறதே நின்னுச்சு, மீன்காரருக்கு லாபம் கூடுச்சு, வாங்குறவகளுக்கு வெல கொறைஞ்சது. ரெண்டையும் சேத்துப் பேசு, போன் ஒரு மாதிரி உதவுது டிவி வேற மாதிரி உதவுது, ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணைத் தூக்கிப் போட முடியாதுன்னு வாத்தியாருக்கே புரியும்.

எங்கண்ணால பாத்ததையும் எழுதிடுறேன். 2020ல பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்தப்ப பாடம் எல்லாம் கல்வித் தொலைக்காட்சியில வந்துச்சு, 2019 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது, அரசு கேபிள்ல 200ஆம் நம்பர். எங்க பக்கத்துக் குப்பத்துல ஆன்லைன் கிளாஸுக்குப் போன் இருந்த புள்ளைகளை ஒரு கை விரல்ல எண்ணிறலாம், ஆனா டிவி வீட்டுக்கு வீடு இருந்துச்சு, ரிப்பேராக் கெடந்ததுக. கடைய மூடிட்டு ஓய்வுல இருந்தவன் அந்த ஒரு மாசம் சால்டரிங் அயர்னைத் திரும்ப எடுத்தேன், பதினோரு பெட்டிய உயிர்ப்பிச்சேன். ஒரு வீட்டுல ஏழு புள்ளைக தரையில உக்காந்து கணக்குப் போட்டதைப் பாத்தேன், டீச்சர் டிவிக்குள்ள "புரிஞ்சுதா"ன்னு கேக்க இதுக எல்லாம் சேந்து "புரிஞ்சுது டீச்சர்"ன்னு கத்துதுக. கலப்பில்லாத சந்தோசம் அது எனக்கு. திரும்பிக் கேள்வி கேக்க முடியாதுங்கிறது பெரிய கொறைதான், அதை நான் மறுக்கல.

அண்ணே, சவுதியில இருந்து மச்சான் வர்றாரு, 55 இஞ்ச் ஸ்மார்ட் டிவி கொண்டு வரவான்னு கேக்குறாரு. வாங்கலாமா? (கீழக்கரை)

வேணாம். அங்க வாங்குனதுக்கு இங்க சர்வீஸ் கெடைக்கிறது கஷ்டம், டூட்டியும் கட்டணும், அந்தக் காசுக்கு ராம்நாட்லயே வாங்கலாம். வாங்குறப்ப ஒண்ணு மட்டும் பாருங்க, நம்ம உப்புக் காத்துல போர்டு ரெண்டு வருஷத்துல பச்சை பூத்துரும், அதனால கடலைப் பாத்த சுவத்துல மாட்டாதீங்க, மொட்டை மாடி டிஷ்ல சிக்னலை வாங்குற எல்என்பி மூக்குல தண்ணி எறங்காம டேப் சுத்தி வைங்க.

சார், எங்க ஊரு டிவியில வரணும்னா ஒண்ணு புயல் வரணும், இல்ல இலங்கை நேவி எங்க ஆளுக போட்டைப் பிடிச்சுட்டுப் போகணும். மத்த நாள்ல நாங்க எல்லாம் இல்லவே இல்லையா? (வாசகி, தங்கச்சிமடம்)

அம்மா, இதுதான் இந்த மாசம் வந்ததுலயே எனக்கு வலிச்ச கேள்வி. புயல் கூண்டு ஏத்துனா பாம்பன்ல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக, காத்து அடங்குன மறுநா ஒருத்தரும் இருக்க மாட்டாக. தீவுக்குள்ள பாசி எடுக்கப் போற பொம்பளைகளைப் பத்தி, கருவாட்டு வெலையைப் பத்தி, கணவா சீசன் ஏன் தள்ளிப் போகுதுன்னு யாரு தெனம் பேசுறா? பெரிய சேனலுக்கு விளம்பரம் வர்றது பாக்குறவக எண்ணிக்கைய வச்சு, நம்ம கரைய மொத்தமாச் சேத்தாலும் மெட்ராஸ்ல ஒரு மூலைக்கு ஆகாது. இது அவுக கெட்டவுகன்னு இல்ல, கணக்கு அப்படி. ஆப்பிரிக்காவுல இருந்து தென் அமெரிக்கா வரைக்கும் எல்லா ஊர்க் கரைக்கும் இதே கணக்குதான்.

அதனால கணக்கு வேற மாதிரி இருக்கிற ஒண்ணு வேணும். நம்ம பாம்பன்லயே இருக்கே, கடல் ஓசை 90.4, 2016ல ஆரம்பிச்சது, மீனவருக்காக மீனவரே பேசுற எஃப்எம். காத்து நெலவரம், அலை, மீன் வெலை, நம்ம பாட்டு, நம்ம வாய்மொழி. சமுதாய வானொலிக்கு 2006ல மத்திய அரசு விதியைத் தளர்த்தி காலேஜுக்கு மட்டும்னு இருந்ததை தொண்டு அமைப்புகளுக்கும் குடுக்கலாம்னாக, அதனாலதான் இது முடிஞ்சது. டிவிக்கு அப்படி ஒரு ஏற்பாடே இன்னும் வரல. கேபிள்காரரு லோக்கல் சேனல்னு ஒண்ணு வச்சிருப்பாரு, அதுல பழைய படமும் நகைக்கடை விளம்பரமும் காதுகுத்து வீடியோவும் ஓடும், கேபிளே கரைஞ்சா அதுவும் கரைஞ்சுரும். எனக்கு ஆசை என்னன்னா, ஊர் டிவிக்கும் வானொலி மாதிரியே லைசென்ஸ் குடுக்கணும், டவர் நேரத்துல ஒரு மணி நேரமாவது அந்த ஊருக்குன்னு ஒதுக்கணும். இப்பவே நம்ம பசங்க போட்டுல இருந்து வீடியோ எடுத்து யூடியூப்ல போடுறாக, நல்லாத்தான் இருக்கு, உலகம் பூராப் பாக்குது. ஆனா பெருசா ஒரு மீனைப் பிடிச்சாத்தான் ஓடுது, மீனே மாட்டாத நாளை யாரும் போடுறதில்ல. நீங்க கேட்ட "மத்த நாள்" அதுலயும் இல்லம்மா.

அண்ணே, நெட்டே இல்லாம போனுக்கே டிவி வரப் போகுதாம்ல? கடல்லயும் வருமா? (மூக்கையூர்)

வரும்னு சொல்லிக்கிட்டு இருக்காக தம்பி, டி2எம்னு பேரு, டைரக்ட் டு மொபைல். ஐஐடி கான்பூரும் சாங்க்யா லேப்ஸ்ங்கிற சிப் கம்பெனியும் தூர்தர்ஷனை நடத்துற பிரசார் பாரதியும் சேந்து பெங்களூர், டெல்லிப் பக்கம் சோதிச்சுப் பாத்திருக்காக. எஃப்எம் ரேடியோ எப்படி டேட்டா இல்லாம போன்ல கேக்குதோ அதே மாதிரி டவர்ல இருந்து நேரா படம் வந்து போன்ல விழும். நான் மொதல் பதில்ல சொன்ன மைக்செட்டை போனுக்குள்ளயே வைக்கிற வேலை இது. அதுக்கு ஒரு சிப் போன்ல இருக்கணும், இப்ப நம்ம கையில இருக்கிற போன்ல அது கெடையாது. சிப் வச்சா வெல கூடும்னு போன் கம்பெனிக தயங்குறாக, சிம் கம்பெனிகளுக்கும் இது பிடிக்கல, டேட்டா விக்கிறதுதான அவுக பொழப்பு. டி2எம்முக்குன்னு கேட்டு வாங்கப் பாக்குற அலைவரிசை 470ல இருந்து 582 மெகாஹெர்ட்ஸ், பழைய டிவிக்குன்னு வச்சிருந்த எடம். அது எங்க போகப் போகுதுங்கிறதுலதான் சண்டையே.

கடலைப் பத்திக் கேட்டல்ல, நான் ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். 323 மீட்டர் ஒசரத்துல இருந்து பாத்தா ரேடியோ அலைக்கு அடிவானம் 70 கிலோமீட்டருக்கு மேல போகும். போன்ல இருக்கிற துக்குணியூண்டு ஆன்டெனாவுக்கு அவ்வளவும் கெடைக்காது, போட்டு வீல்ஹவுஸ் மேல ஒரு நல்ல ஆன்டெனா வச்சா நெறைய கெடைக்கும். இன்னைக்கு கரைய விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போயிருது, அக்கரைப் பக்கம் நெருங்குனா இலங்கை டவர் பிடிக்குது. அந்த இடைவெளியில காத்து மாறுதுன்னு ஒரு எச்சரிக்கை எல்லாப் போட்டுக்கும் ஒரே நேரத்துல போய் விழுந்தா எத்தனை உசுரு தப்பும்? 2023ல எல்லாருக்கும் போன்ல ஒரு சோதனை எச்சரிக்கை பெரிய சத்தத்தோட வந்துச்சே, செல் பிராட்காஸ்ட், அதுவும் போன் டவர் எட்டுற எடத்துக்குத்தான். ராமேஸ்வரம் டவர்ல டி2எம் போடுங்கன்னு மீனவர் சங்கங்க இப்பவே எழுதிக் கேக்கணும், பெருநகரம் எல்லாம் முடிச்சுட்டு நம்மகிட்ட வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

கென்யாவுல ஒண்ணு நடந்துச்சு, அதையும் தெரிஞ்சுக்க. எம்-கோப்பான்னு ஒரு கம்பெனி கரண்ட் இல்லாத வீட்டுக்கு சோலார் தகடு, பேட்டரி, டிவி எல்லாத்தையும் சேத்துக் குடுத்து போன் வழியா தெனம் கொஞ்சம் கொஞ்சமா காசு வாங்கிக்கிச்சு, நம்ம ஊரு தண்டல் மாதிரிதான், கட்டி முடிச்சா பொருள் நமக்கு. சீனாக்காரன் 2015ல பத்தாயிரம் ஆப்பிரிக்கக் கிராமத்துக்கு டிஷ் டிவி குடுக்குறேன்னு அறிவிச்சு ஸ்டார்டைம்ஸ் கம்பெனி மூலமா ஊர் ஊரா மாட்டுச்சு. குடுக்குறவன் கையிலதான் எந்த சேனல் வரணும்ங்கிறதும் இருக்கும், அதனால நம்ம டவர் நம்ம கையில இருக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

அய்யா, கலைஞரு குடுத்த கலர் டிவி இன்னும் எங்க வீட்டுல ஓடுது. பேரப்புள்ளைக எடைக்குப் போடுங்கிதுக. போட்டுரவா? (தேவிபட்டினம்)

போடாதீங்க ஆத்தா. 2006ல தொடங்கி ஒன்றரைக் கோடிப் பெட்டிக்கு மேல குடுத்தாக, அதுல எத்தனை நான் கை வச்சு சரி பண்ணிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. 14 இஞ்ச்தான், ஆனா பிக்சர் டியூப் நல்லா இருந்தா படம் இன்னும் பத்து வருஷம் வரும். ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வாங்குறப்ப மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு மூணு வயரு குத்துற மாதிரி ஏவி அவுட் இருக்கான்னு கேட்டு வாங்கச் சொல்லுங்க, எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பாக்ஸை வாங்கிட்டா இதுல மாட்ட முடியாது. டிவி பின்னாடி வெள்ளை ஒரு ஓட்டைதான் இருந்தா சிவப்பை விட்டுருங்க, சத்தம் வரும்.

எடைக்குப் போட்டா காயலான் கடையில செம்புக் கம்பிக்காக டியூப்பை ஒடைச்சுருவாக, அந்தக் கண்ணாடியில ஈயம் இருக்கு, புள்ளைக நடமாடுற எடத்துல அது கெடக்கக் கூடாது. ரிப்பேர்னா எங்க ஆளுக இன்னும் ரெண்டு பேரு உச்சிப்புளிப் பக்கம் இருக்காக, விசாரிச்சா சொல்லுவாக. பின்பக்க மூடிய மட்டும் பேரப்புள்ளைகளைக் கழட்ட விடாதீங்க ஆத்தா, சுவிட்சை அமத்தி வயரை உருவுன பெறகும் டியூப்புக்குள்ள கரண்ட் நிக்கும்.